நாற்பதுக்கு மேல் ஒரு கண்ணாடி

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடலில், 1978–81 பி.எஸ்ஸி. பௌதிகப் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



காலையில் வாசலில் ஒரு காட்சி. பதிவு மேசையில் மாணவிகள் ரெஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார்கள். பெயர், படித்த ஆண்டு, போன் நம்பர் எழுத வேண்டும். எங்கள் செட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றோம். முதலில் நின்றவன் பேனாவை எடுத்தான். நோட்டைத் தள்ளிப் பிடித்தான். இன்னும் கொஞ்சம் தள்ளினான். கை நீளம் முடிந்துவிட்டது, எழுத்து பிடிபடவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏலே, கண்ணாடிய ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேன், ஒன்னதக் குடு” என்றான். பின்னால் நின்றவன் கழற்றிக் கொடுத்தான். இவன் எழுதி முடித்ததும் கண்ணாடி அடுத்த ஆளுக்குப் போயிற்று. ஒரே கண்ணாடி ஐந்து பேர் மூக்கில் ஏறி இறங்கியது. மேசையில் இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும், தப்பில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் நாற்பது வயது வரும்.

என்னைப் பேசச் சொன்னபோது, “உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க அண்ணாச்சி” என்றார் செயலாளர். முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் நான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆகவே இன்று அந்த ஐந்து மூக்கில் ஏறிய கண்ணாடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் கிட்டப் பார்வை குறைய ஆரம்பிக்கும். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். ராஜாவுக்கும் வரும், ரிக்‌ஷாக்காரருக்கும் வரும். நம் ஊரில் இதைச் சாளேஸ்வரம் என்பார்கள். வெள்ளெழுத்து என்றும் ஒரு பேர் உண்டு. எழுத்து வெளிறிப் போய்த் தெரிவதால் வைத்த பேர். காரணம் ரொம்ப எளிது. கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளகி இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற அது விறைத்துப் போகிறது. உப்ப மாட்டேன் என்கிறது. அதனால் பக்கத்துப் பொருள் மங்குகிறது. இது நோய் இல்லை. மருந்து தேவை இல்லை. கண்ணால் உப்ப முடியாத அளவை வெளியில் ஒரு குவிலென்ஸ் வைத்துச் சரிக்கட்டினால் தீர்ந்தது.

குவிலென்ஸ் என்றதும் எங்கள் செட்டுக்கு ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்திருக்கும். இதோ இந்தக் கட்டடத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குப் பக்கத்து அறை. ஒரு விளக்கு, ஒரு கம்பி வலை, ஒரு திரை, நடுவில் ஸ்டாண்டில் லென்ஸ். அங்கே தள்ளி இங்கே தள்ளி, திரையில் கம்பி வலை தெளிவாக விழும் இடத்தைப் பிடித்து, குவியத்தூரம் கண்டுபிடிப்போம். எனக்குக் கிடைத்த லென்ஸுக்கு 20 சென்டிமீட்டர் வந்தது. நூறை அந்தத் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் சக்தி, ஐந்து டயாப்டர். ரிக்கார்டு நோட்டில் எழுதி சாரிடம் கையெழுத்து வாங்கினேன். அது 1979.

அதே 1979-ல் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது சொல்கிறேன். மேடையில் சொல்லலாமா என்று என் தங்கையிடம் கேட்டேன். “சொல்லிட்டுப் போண்ணே, யாருக்காவது ஆகும்” என்றாள். அந்த அனுமதியோடுதான் சொல்கிறேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றினாள். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் அது எத்தனை வீட்டுப் பிழைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேரின் பரீட்சை பீஸ் சுளவிலிருந்து வந்ததுதான். பீடியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சுற்றுகிறவருக்கும் கேடு, பிடிக்கிறவருக்கும் கேடு. ஆனால் அந்தக் கூலிதான் என்னை இந்தக் கல்லூரிக்கு அனுப்பியது என்பதை மறைத்துப் பேச முடியாது.

அந்த வேலை முழுக்கக் கிட்டப் பார்வை வேலை. நனைத்து வைத்த இலையில் ஓட்டையும் தடித்த நரம்பும் பார்த்துத் தள்ள வேண்டும். தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடிக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று கணக்கு. கடையில் கொண்டுபோய்ப் போட்டால் அவர்கள் பார்த்து, சரியில்லாததை ஒடித்துப் போடுவார்கள். ஒடித்ததற்குக் கூலி கிடையாது.

அம்மாவுக்கு அப்போது 44 வயது. ஒடித்துப் போடும் பீடி கூடிக்கொண்டே போயிற்று. ராத்திரி அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சுற்றுவாள். இலையைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கையிடம், “ரெண்டு மாசம் கூட இருந்து இல வெட்டிக் குடு தாயி, கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்கு” என்றாள். ரெண்டு மாசம் என்றுதான் பேச்சு. தங்கை பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா என்னைக் கூப்பிடுவாள். “எய்யா, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு.” நானும் கோத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து வந்து, ஆய்வுக்கூடத்தில் குவிலென்ஸைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேண்டியதும் இதுதான், இதைவிட மெல்லிய ஒரு லென்ஸ்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாடத்தில் கண் குறைபாடு என்று ஒரு பகுதி இருந்தது. பத்து மார்க் கேள்வி. படம் போட்டு விடை எழுதி மார்க்கும் வாங்கினேன்.

படிப்பு முடிந்து, 1983-ல் ஜங்ஷனில் ஒரு கண்ணாடிக் கடையில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதலாளி நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டு ஒரு பழைய பிரேமை வாங்கி, ப்ளஸ் ஒன்றே முக்கால் லென்ஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா மாட்டிக்கொண்டாள். சுளவைப் பார்த்தாள். நூலை எடுத்தாள், கட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “இவ்வளவுதானா? இதுக்குத்தானா அந்தப் பிள்ளய நிறுத்துனேன்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கைக்கு அப்போது 17 வயது. “இனிமே எட்டாப்புல போயி உக்கார முடியுமா?” என்று சிரித்தாள். அவளுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. அவள் மூக்கிலும் ப்ளஸ் இரண்டரை கண்ணாடி ஏறிவிட்டது.

ஏன் அம்மா நாலு வருடம் கண்ணாடி இல்லாமல் இருந்தாள்? பணம் இல்லை என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். முதல் காரணம், இதற்கு ஒரு வழி உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. வயசானால் கண் போகும், பல் போகும் என்ற கணக்கில் விட்டுவிட்டாள். இரண்டாவது, டவுனுக்கு வர வேண்டும். கண் பார்க்க ஒரு நாள், கண்ணாடி வாங்க இன்னொரு நாள். பஸ் காசு போக இரண்டு நாள் கூலியும் போயிற்று. கண்ணாடி விலையைவிட அதுதான் பாரம். மூன்றாவது, வெட்கம். பெண்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் “டீச்சரம்மா வாராக” என்று கேலி பேசுவார்கள். நாலாவது காரணம், வீட்டில் படித்தவன் ஒருவன் இருந்தும் அவன் சொல்லவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பார்வை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைவு இருக்கிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. அந்த 100 கோடியிலும் 82.6 கோடிப் பேருக்கு இருப்பது, நம் அம்மாமார்களுக்கு வந்த இந்தச் சாளேஸ்வரம்தான். அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் கண்டுபிடித்த சாமான் இது. நிலாவுக்கு ஆள் போய் வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இந்த ஒரு சாமான் இன்னும் கோடிக்கணக்கான பேர் மூக்குக்கு வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றியும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் யோக்கியன் மாதிரி இறங்கிப் போனால் நியாயம் இல்லை.

1988-ல் சொந்தக் கடை வைத்தேன். ஒரு சின்ன டவுன், பஸ் ஸ்டாண்டு பக்கம். கடைக்கு எதிரே பிளாட்பாரத்தில் ரெடிமேட் கண்ணாடி விற்பார்கள். போட்டுப் பார்த்து, தெரிந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என் கடையில் குறைந்த விலைக் கண்ணாடியே அதைப்போல ஐந்து ஆறு மடங்கு. வாடகை, கூலி, மெஷின் கடன் எல்லாம் அதில்தான் வர வேண்டும். அதனால் வருகிற எல்லோரிடமும், “பிளாட்பாரக் கண்ணாடி போட்டா கண்ணு போயிரும்” என்று சொல்வேன். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எனக்குச் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ப்ளஸ் இரண்டு. கண்ணையும் பார்த்தேன். அவருக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நான் சொன்னது, “இதப் போடாதீங்க, தூரப் போடுங்க. புதுசா செஞ்சு தாரேன்” என்று. விலையைச் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார். வரவில்லை. அந்தக் கண்ணாடியை என் கடை வாசல் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். சாயங்காலம் கடை கூட்டும்போதுதான் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், ரெடிமேட் கண்ணாடி போட்டால் கண் போகாது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், தூரப் பார்வையில் குறை இல்லை என்றால் அது போதும். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், சிலிண்டர் பவர் இருந்தால், அதில் சரியாகத் தெரியாது. தலை வலிக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அளவெடுத்துச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் பெரும்பாலோருக்கு நாற்பதைத் தாண்டியதும் ப்ளஸ் ஒன்று, ஐம்பது வாக்கில் ப்ளஸ் இரண்டு, அறுபதில் இரண்டரை, இப்படித்தான் வரும். இது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தேதான் அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னேன்.

சரி, கண்ணாடி கொடுத்தால் உண்மையிலேயே கூலி கூடுமா, அல்லது நான்தான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேனா? மாணவர்கள் இப்படிக் கேட்க வேண்டும். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் நானும் கேட்டேன். இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அசாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 751 பேர், எல்லோரும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், தூரப் பார்வை நன்றாக இருந்து கிட்டப் பார்வை மட்டும் குறைந்தவர்கள். சீட்டுப் போட்ட மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி. இன்னொரு பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு. தினம் எத்தனை கிலோ கொழுந்து கிள்ளினார்கள் என்று எடை போட்டார்கள். பருவம் ஏறும்போது இரண்டு பிரிவிலும் எடை கூடியது. ஆனால் கண்ணாடி போட்டவர்களிடம் 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் 30 சதவீதத்தையும் தாண்டியது. 2018-ல் லான்செட் குழுமத்தின் உலக சுகாதார இதழில் வந்த முடிவு இது.

அடுத்தது வங்கதேசம். கிராமங்களில் 35 முதல் 65 வயது வரை 824 பேர். தையல், நெசவு, கைவினை, இப்படிக் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைக்காரர்கள். அதே மாதிரி இரண்டு பிரிவு. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கண்ணாடி போட்டவர்களின் மாத வருமானம் நடுத்தர அளவில் 35 டாலரிலிருந்து 47 டாலராகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு உயர்வு. போடாதவர்களுக்கு அப்படியேதான் இருந்தது. இது 2024-ல் வெளிவந்தது.

“சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்க, தூக்கிப் போட்டுருவாங்க” என்று என் கடையில் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அசாமில் கொடுத்தது இலவசக் கண்ணாடிதான். ஆய்வு முடியும்போது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரயோஜனம் இருந்தால் ஏழை ஏன் தூக்கிப் போடப் போகிறான்?

கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியையும் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் கிராம சுகாதாரத் தொண்டர்கள், வீடு வீடாகப் போகும் பெண்கள், 2006 முதல் படிக்கும் கண்ணாடியும் பையில் எடுத்துப் போகிறார்கள். டாக்டர் வருவதற்குக் காத்திருக்கவில்லை. நம் பக்கத்தில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். 1988-ல் நம் திருநெல்வேலிக்கும் வந்தது. அவர்கள் முகாம்களில் கண்ணைப் பார்த்த கையோடு, அங்கேயே லென்ஸை வெட்டி, பிரேமில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் சின்ன விஷயம். தொழிலில் இருந்தவனுக்குத் தெரியும், இரண்டாவது நாள் கூலியை அவர்கள் மிச்சப்படுத்துகிறார்கள் என்று. 2004 முதல் சின்ன ஊர்களிலும் பார்வை மையங்கள் வைத்திருக்கிறார்கள்.

அரசாங்கங்களும் அசைந்திருக்கின்றன. கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்குச் சரியான கண்ணாடி கிடைப்பதை 2030-க்குள் 40 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று உலக நாடுகள் 2021-ல் ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் பார்வைக் கண்ணாடிக்கு இருந்த ஜி.எஸ்.டி. வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் வரி குறைந்த செய்தி எங்கள் ஊர் பீடித் தெருவுக்குத் தானாக நடந்து வராது. யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

2019-ல் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே ப்ளஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை ரெடிமேட் கண்ணாடிகள். மொத்தமாக வாங்கினால் ஒன்று நூறு ரூபாய்க்குள் அடங்கும். இந்த ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் போனால் உதவும்.

எழுத்துச் சார்ட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். படிக்கத் தெரியாதவர் அதைப் பார்த்ததுமே, “எனக்கு வேண்டாம் எய்யா, நான் படிக்காதவ” என்று எழுந்து போய்விடுவார். கண்ணாடி படிக்கிறவருக்குத்தான் என்று எண்ணம். ஊசியும் நூலும் கொண்டுபோங்கள். ஒரு பிடி அரிசியில் கல்லைக் கலந்து தட்டில் போட்டுக் கொடுங்கள். செல்போனில் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம், அரிசியைப் பெரிசாக்க முடியாது. மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நிறத்தைப் பார்த்தே வித்தியாசம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி மாறி நிறம் மாறினால் என்ன ஆகும்?

முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒன்று கொண்டுபோங்கள். எல்லோருக்கும் ஒரே கறுப்புப் பிரேம் என்றால் பெண்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், போட மாட்டார்கள். நாலு நிறம் வைத்து, பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் வெட்கம் போய் விளையாட்டாகிவிடும். “மதினி, ஒனக்கு இந்தச் செவப்புதான் எடுப்பா இருக்கு” என்று ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு இரண்டரை பவர் மாட்டிவிட்டேன். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சுளவில் கிடந்த பீடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். “இதெல்லாம் நானா சுத்துனேன்? அவன் ஒடிச்சுப் போட்டது நியாயந்தான். அந்தப் பயலப் போயி வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து, அம்மா ஞாபகமும் வந்தது.

ஓர் எச்சரிக்கை. இதை அழுத்திச் சொல்கிறேன். கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்ததோடு கண் சோதனை முடிந்தது என்று யாரையும் அனுப்பிவிடக் கூடாது. கண்புரை இருக்கலாம். கண்நீர் அழுத்த நோய் சத்தமே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்னும், கடைசி வரை தெரியாது. சர்க்கரைக்காரருக்கு விழித்திரை கெட்டுப்போனாலும் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் தூரச் சார்ட்டைக் காட்டுங்கள். தெரியவில்லை என்றால், சர்க்கரை இருக்கிறது என்றால், வீட்டில் யாருக்காவது அழுத்த நோய் இருந்தது என்றால், பேர் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அனுப்பினால் மட்டும் போதாது. போனார்களா என்று அடுத்த வாரம் கேளுங்கள். கண்ணாடிப் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காதவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தவும் அது ஒரு வழி.

இன்னொன்று. ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த வருடம் உடைந்து கிடக்கும். பவரும் சில வருடத்துக்கு ஒருமுறை ஏறும். உள்ளூரிலேயே ஒரு மகளிர் குழுவிடமோ, மளிகைக் கடையிலோ பத்துக் கண்ணாடி எப்போதும் இருக்க வேண்டும். தீப்பெட்டி வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்ள முடிய வேண்டும்.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் அலங்கார வளைவுக்கும் நன்கொடை கேட்கும் மேடை இது. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, நம் என்.எஸ்.எஸ். மாணவர்கள் தத்தெடுத்திருக்கும் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் கண்ணையும் இந்த ஒரு வருடத்தில் பார்த்துவிடுவோம். பயிற்சி நான் தருகிறேன். இரண்டு நாள் போதும். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் பத்துக் கண்ணாடிக்கு உண்டானதைக் கொடுத்தால் பெட்டி நிறைந்துவிடும். மற்ற கண்ணாடிக் கடைக்காரர்கள் கோபிப்பார்களோ என்று கேட்டால், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் மகனிடம் பேசி முடித்துவிட்டேன். அவன்தான் முதலில் கோபித்தவன்.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது, அம்மாவோ, ஆச்சியோ, பக்கத்து வீட்டு அக்காவோ ஊசியில் நூல் கோத்துக் கொடு என்று கேட்டால், கோத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, “எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

பெட்டியை இன்று கையோடு கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறது. நம் கேன்டீனில் அரிசி புடைக்கும் அக்காமார்கள் ஆறு பேருக்குக் காலையிலேயே பார்த்தாயிற்று. நாலு பேருக்குக் கண்ணாடி கொடுத்தேன். ஒருவரைக் கண்புரைக்கு அனுப்பச் சீட்டு எழுதியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு எங்கள் செட் ஆட்களும் வரலாம். காலையில் ஒரே கண்ணாடியில் ஐந்து பேர் எழுதினீர்களே, அதில் இரண்டு பேர் போன் நம்பர் தப்பு என்று ரெஜிஸ்டர் வைத்திருந்த பிள்ளை சொல்லிற்று. வந்து திருத்திவிட்டுப் போங்கள்.